உழைப்பாளர் சிலை சமைத்த வங்கச் சிற்பி

தலைநகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் பதினோரு மூர்த்தியைப் பாராத குடும்பம் ஒன்றேனும் இருக்குமென்று நாம் நினைக்கவில்லை. சர்தார் படேல் சாலையும் அன்னை தெரேசா பிறை வளைவும் கூடுகின்ற இடத்தில், கோலூன்றி முன்னே விரைந்து செல்லும் காந்தியடிகளும், அவர் பின்னே வரிசையாக நடக்கும் பதின்மரும் கருநிற உருவங்களாக நிற்கின்றனர். விமான நிலையத்துக்கு உறவினரை வரவேற்கச் செல்லும்போதும், விடுமுறை நாளில் குழந்தைகளைக் குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கம் அழைத்துச் செல்லும்போதும் நம் வண்டி அவர்களைக் கடந்துதான் போகிறது. குழந்தைகள் ஜன்னல் வழியே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். பதினொன்று எண்ணி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிடும்.

அச்சிலைகளைச் செய்தவர் யார் என்று எந்தக் குழந்தையாவது வினவியிருக்குமானால், விடை சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடிந்திருக்கும்? வினவியவரின் பாட்டனார் சென்னையில் பிறந்தவராக இருந்தால் அவர் சற்றே வெட்கப்படவும் வேண்டும். ஏனெனில், சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைச் சமைத்த கையே இங்குப் பதினோரு மூர்த்தியையும் சமைத்தது. அக்கைக்கு உரியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்தில் பிறந்து, ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் சென்னையையே தம் ஊராகக் கொண்டு வாழ்ந்தவர். பிழைப்பை நாடி நாம் வடக்கே வந்தது போல, பணியை நாடி அவர் தெற்கே சென்றார். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் அவர் வரலாறு நம் ஆண்டு மலரில் இடம் பெறத் தக்கது என்று கருதினோம்.

ராய் சௌத்ரி 1899ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், அன்றைய ஒன்றுபட்ட வங்கத்தின் ரங்கபூர் பகுதியில் உள்ள தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. ஓவியத்தை அவர் பயின்றது அபனீந்திரநாத் தாகூரிடம். சிற்பத்தைப் பயின்றது ஹிரண்மய ராய் சௌத்ரியிடம். அபனீந்திரநாதரின் மாணவர் என்றால் அக்காலத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு. மெல்லிய கோடு, மங்கிய வண்ணம், புராணக் கனவு என்று ஒரு தனி மரபே அங்குத் தழைத்திருந்தது. நம் கதாநாயகரும் அம்மரபில் தோய்ந்தவரே. ஆனால் அவர் உடலமைப்பு வேறு, உள்ள அமைப்பு வேறு. மற்போர் பயின்றவர், வேட்டைக்குச் செல்பவர், அதே கைகளால் புல்லாங்குழலும் வாசிப்பவர், வங்க மொழியில் சிறுகதைகளும் எழுதியவர். தசையும் எலும்பும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பளுவைத் தூக்குகின்றன என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்த ஒருவர் மெல்லிய கோட்டோடு நின்றுவிட முடியுமா? மேனாட்டு முறையில் உயிருள்ள உடலைக் கண்முன் நிறுத்தி வரையும் பயிற்சியையும் அவர் தேடிக் கற்றார். ஆசிரியரிடம் பக்தி குறையாமலே ஆசிரியரின் வழியிலிருந்து அவர் விலகினார்.

இங்கு ஒரு சிறு விந்தையைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனமில்லை. சென்னைக் கலைப்பள்ளி 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்பவரால் தொடங்கப் பெற்றது. 1884இல் அதன் தலைமையை ஏற்ற ஹேவல் என்னும் ஆங்கிலேயர், தென்னாட்டுக் கைவினைகளைக் கண்டு வியந்து, பின்னர் 1896இல் கல்கத்தாக் கலைப்பள்ளிக்குத் தலைவராகச் சென்றார். அங்கு அவர் கண்டெடுத்துத் தமக்குத் துணைவராக்கிக் கொண்டவரே அபனீந்திரநாதர். அந்த அபனீந்திரநாதரின் மாணவர் 1929இல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போன கடன் வட்டியோடு திரும்பிவிட்டது போலும்.

அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அதுவரை அங்கு அமர்ந்திருந்தவர் அனைவரும் மேனாட்டார். பள்ளியும் தச்சு வேலை, உலோக வேலை, நகை வேலை போன்ற கைத்தொழில்களுக்கே முதன்மை தந்து வந்தது. அவற்றைச் சிறுமையென்று சொல்வோர் கூட்டத்தில் நாம் இல்லை. எனினும் ஓவியனும் சிற்பியும் ஆக விரும்பிய இளைஞனுக்கு அங்கு உரிய இடம் இல்லாதிருந்தது உண்மை. ராய் சௌத்ரி அவ்விடத்தை உண்டாக்கினார். உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி வரையச் செய்தார். மாணவரைப் பள்ளிச் சுவருக்கு வெளியே தெருவுக்கும் கடற்கரைக்கும் செல்ல வைத்தார். மீனவரும் மூட்டை தூக்குவோரும் கட்டுவலித்த உடலோடு உழைக்கும் நகரம் அல்லவா சென்னை? பாடப் புத்தகத்தில் கிரேக்கச் சிலையின் படத்தைத் தேட வேண்டிய தேவை அம்மாணவருக்கு இல்லாமற் போயிற்று.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் சிலை என்னும் சொல்லுக்கே அந்நகரில் ஒரு சூடு ஏறியிருந்தது. 1857 கிளர்ச்சியை இரக்கமின்றி அடக்கிய கர்னல் நீல் என்பவனின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்ற வேண்டுமென்று 1927இல் தொண்டர்கள் அறப்போர் நடத்திச் சிறை புகுந்தனர். காந்தியடிகளின் ஆதரவும் அப்போருக்குக் கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவை அமைந்த பின்னரே அச்சிலை சாலையை விட்டு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இது போன்ற போராட்டத்தைக் கல்லையும் உலோகத்தையும் எதிர்த்து நடந்த வீண் சண்டை என்று சிலர் எள்ளுவதுண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. கோயிலுக்குள் இருக்கும் உருவத்தை விரும்பியவர் போய்த் தொழுகிறார்; விரும்பாதவர் போகாதிருக்கலாம். நாற்சந்தியில் நிற்கும் உருவமோ அலுவலகம் செல்பவன், அங்காடி செல்பவள், பள்ளி செல்லும் சிறுவன் ஆகிய அனைவரையும் நாள்தோறும் தன்னை அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. யாரை அண்ணாந்து பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வழி நடப்பவர்க்கு உண்டா இல்லையா என்பதே 1927இல் எழுந்த கேள்வி.

அந்நாளில் நம் பெருநகரங்களின் சிலைகளுள் மிகப் பல மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமீது அமர்ந்திருக்கும் மன்றோ துரையின் சிலை இலண்டன் சிற்பி சான்ட்ரி செய்தது. 1839இல் நிறுவப் பெற்றது. சேணமும் அங்கவடியும் இல்லாமல் துரை எப்படிக் குதிரைமேல் அமர்ந்தார் என்று இன்றளவும் சென்னைவாசிகள் கதை பேசுவர். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லாத சிலைகள் பல அவற்றுள் உண்டு. குறை வேறு. அவற்றைச் செய்தவனுக்கு நம் தெரு தெரியாது. நம் தெருவில் நடப்பவனுக்கு அதில் தன் சாயல் தெரியாது.

அரசாங்கப் பணியாளர் ஆகையால் ராய் சௌத்ரியும் தொடக்கத்தில் ஆட்சியாளர், கனவான்கள் ஆகியோரின் உருவங்களைச் செய்து கொடுத்தவரே. 1937இல் ஆங்கில அரசாங்கம் அவருக்கு எம்.பி.இ. என்னும் விருதை அளித்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். இதை மறைத்து எழுதுவது அழகன்று. ஆயினும், அக்காலத்தில் சிற்பியின் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓவியன் ஒரு முழத் துணியும் நாலு வண்ணமும் இருந்தால் தன் மனம் போல வரையலாம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட வெண்கல உருவம் செய்பவனுக்கோ இரும்புச் சட்டகம், வண்டி வண்டியாய்க் களிமண், சாந்து அச்சு, மெழுகு, உலோகம், உலை, ஆட்கள், பல மாதக் கூலி ஆகிய அனைத்தும் வேண்டும். அவ்வளவையும் தாங்கக் கூடியவர் அரசாங்கத்தாரும் செல்வரும் மட்டுமே. கேட்டவருக்குச் செய்து கொடுத்துத்தான் அவன் கைத்திறனைக் காத்துக்கொள்ள முடியும். காத்துக்கொண்ட திறனை எதற்குச் செலவிட்டார் என்பதைக் கொண்டே அவரை அளப்பது முறை.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள், தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட இந்துக்கள் அனைவருக்கும் அரசின் ஆளுகைக்கு உட்பட்ட கோயில்களைத் திறந்துவிட்டார். அந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைத் திருவனந்தபுரத்தில் புடைப்புச் சிற்பமாக வடித்தவர் ராய் சௌத்ரி. மன்னர் ஒருவரின் உருவத்தை மேடையில் ஏற்றுவது எளிது. அவர் செயலால் கதவு திறக்கப் பெற்ற மக்களையும் சேர்த்துக் காட்ட முற்பட்டதே புதுமை. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயிற்று. சென்னையில் இருந்த ராய் சௌத்ரி தம் நாட்டவரின் அவலத்தைப் பசியால் மாய்ந்தோர் என்னும் சிற்பமாக்கினார். தசை முறுக்கேறிய உடல்களை வடிப்பதில் இன்பம் கண்ட கை, தசையே இல்லாத உடல்களை வடித்தது. குளிர்காலத்தில் ஒடுங்கிய முதியவரின் உருவமும் அவர் பெயர் பெற்ற படைப்புகளுள் ஒன்று.

விடுதலைக்குப் பின் அவருக்கு வந்த பெரும்பணி பாட்னாவின் தியாகிகள் நினைவுச் சின்னம். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், தலைமைச் செயலகத்தின்மீது மூவண்ணக் கொடியை ஏற்றச் சென்ற மாணவர்களின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, எழுவர் மாண்டனர். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளுமாகிய அவ்வெழுவரையும் அதே செயலகத்தின் எதிரே ராய் சௌத்ரி வெண்கலத்தில் நிறுத்தினார். முன்னால் நிற்பவன் கையில் கொடி. பின்னால் வருபவர் ஒருவர்பின் ஒருவராகச் சாய்கின்றனர். சாய்ந்தும் முன்னோக்கியே சாய்கின்றனர். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளன்றே அடிக்கல் நாட்டப் பெற்ற அச்சின்னத்தை 1956இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். பீகார் மண்ணின் மைந்தர் அல்லவா அவர்? அந்த நாளில் அவர் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இவ்விடத்தில் வரலாறு செய்த ஒரு கொடிய வேடிக்கை நினைவுக்கு வருகிறது. துப்பாக்கிச் சூடு நடந்த அன்று பாட்னா மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர். 1934ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்து திறந்தபோது, மிதிலைப் பெண்கள் தம் வீட்டின் உட்சுவர்களில் எழுதியிருந்த ஓவியங்களைக் கண்டு மெய்ம்மறந்து, அவற்றைப் புகைப்படம் எடுத்து, பின்னாளில் அவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தவரும் அதே ஆர்ச்சரே. மதுபனி ஓவியம் என்று இன்று நம் வீட்டு வரவேற்பறைகளில் தொங்கும் கலைக்கு முதல் ஆவணம் செய்தவர் அவர். கலையைப் போற்றும் கண்ணும், கொடியேந்திய சிறுவர்மீது குண்டு பாய்ந்த நாளின் பொறுப்பும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன. ராய் சௌத்ரியின் எம்.பி.இ. பட்டத்தைச் சுட்டிக் காட்டிக் குறை சொல்வோர் இந்த ஆர்ச்சரையும் சற்று நினைத்துப் பார்க்கட்டும். மனிதரை ஒரே வரியில் எழுதி முடிக்க இயலவில்லை.

இனி உழைப்பாளர் சிலைக்கு வருவோம். வாலாஜா சாலை வந்து கடற்கரைச் சாலையோடு கூடும் இடத்துக்கருகே, கடலைப் பின்னே வைத்து, 1959ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்தைய நாள், அது நிறுவப் பெற்றது. அப்போது காமராசர் முதலமைச்சர். நான்கு ஆட்கள் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர். அவ்வளவுதான் செய்தி. அவர்கள் யாரென்று வரலாறு சொல்லாது. ஊர் இல்லை, பேர் இல்லை, பதவி இல்லை. இடையில் ஒரு துண்டுத் துணியன்றி உடையும் இல்லை. அவர்களுள் இருவருக்கு மாதிரியாக நின்றவர்கள் கலைப்பள்ளிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவருமே என்பர். மன்றோ துரையும் மன்னர்களும் குதிரையேறி நின்ற நகரத்தில் ஒரு காவலாளியின் தோளும் முதுகும் மேடையேறின.

சிலையைச் சுற்றி நடந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். ஒரு பக்கம் நின்றால் பாறை அசையாதது போலவும், இன்னொரு பக்கம் சென்றால் இதோ புரண்டுவிட்டது போலவும் தோன்றும். பாதம் மண்ணில் ஊன்றுவதும், குதிகால் எழுவதும், அந்த விசை கெண்டைக்காலில் ஏறி முதுகு வழியே தோளுக்குப் பாய்வதும் தொடர்ச்சியாகத் தெரிகின்றன. தசை முறுக்கு சற்று மிகை என்று சொன்ன இரசிகர்களும் உண்டு. கூலிக்காரனுக்கு இவ்வளவு சதை எங்கிருந்து வந்தது, அவன் உண்ணும் கூழுக்கு இது பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். நமக்கும் அந்த ஐயம் எழுந்ததுண்டு. பஞ்சத்தில் மாய்ந்தவரின் எலும்பை எண்ணியவருக்கு இது தெரியாமல் இராது. அவன் உண்ட கூழைக் காட்டாமல் அவன் செய்த வேலையின் அளவைக் காட்ட அவர் விரும்பினார் என்று நாம் கொள்கிறோம்.

இச்சிலை நின்ற இடமும் பொருத்தமானது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் நாளைக் கொண்டாடிய இடங்களுள் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே மணற்கரையில் உழைப்பாளி வெண்கலமாக எழுந்தான். பின்னர்த் தொழிலாளர் நாளில் மாலை அணிவிக்கச் சங்கத்தார் அங்குக் கூடுவது வழக்கமாயிற்று. அதைக் காட்டிலும் நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. பேருந்து நடத்துநர் உழைப்பாளர் சிலை என்று குரல் கொடுப்பார். ஊரிலிருந்து வந்தவருக்கு வழி சொல்பவர் உழைப்பாளர் சிலையருகே இறங்கச் சொல்வார். சிற்பியின் பெயர் மறந்து போனாலும் சிலையின் பெயர் நகரத்தின் நாவில் ஏறிவிட்டது. சென்னையை நினைத்து ஏங்கும் நம் காலனி அன்பர்களுக்கு ஒரு செய்தி: இச்சிலையின் வார்ப்பு ஒன்று தில்லியிலும் உண்டு. இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் திறந்த வெளியில் அதைக் காணலாம். கடற்காற்று மட்டும் இராது.

அதே 1959இல் மெரினாவின் தென்பகுதியில் காந்தியடிகளின் சிலையும் எழுந்தது. அதுவும் ராய் சௌத்ரியின் கைவேலையே. நேருஜி திறந்து வைத்தார். அமர்ந்த காந்தியை அவர் செய்யவில்லை. நடக்கும் காந்தியையே செய்தார். இதற்கு முந்தைய ஆண்டு, 1958இல், கல்கத்தாவிலும் அவர் செய்த காந்தி சிலை நிறுவப் பெற்றது. அது நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். பார்க் தெருவும் சௌரங்கியும் கூடும் முனையில் ஜெனரல் அவுட்ராம் என்பவனின் குதிரைச் சிலை நெடுங்காலம் நின்றது. சென்னையின் நீலைப் போலவே அவுட்ராமும் 1857இல் லக்னோவில் போரிட்டவன். அவனை விக்டோரியா நினைவு மண்டபத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அவன் நின்ற இடத்தில் காந்தியடிகள் கோலூன்றி நின்றார். பின்னர் நிலத்தடி இரயில் பாதைக்காக அவரும் அங்கிருந்து மேயோ சாலைக்குப் பெயர்க்கப்பட்டது வேறு கதை. அகற்றும் போராட்டத்தைச் சென்னை முதலில் கண்டது. அகற்றிய இடத்தில் எதை நிறுத்துவது என்னும் கேள்விக்குச் சென்னையில் வாழ்ந்த வங்கச் சிற்பி கல்கத்தாவில் விடை தந்தார். அந்நகரில் ஆசுதோஷ் முகர்ஜி, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரின் சிலைகளும் அவர் செய்தவையே. கல்கத்தாத் தமிழ் நண்பர்கள் அவ்வழியே செல்லும்போது இதை நினைவிற் கொள்வாராக.

ஆசிரியராக அவர் ஆற்றிய பணியைத் தனியே எழுதினால் ஒரு நூலாகும். 1929 முதல் 1957 வரை அவரிடம் பயின்று சென்றோர் பலர். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால், வங்கத்திலிருந்து அவரைத் தேடிச் சென்னைக்கே வந்து பயின்ற பிரதோஷ் தாஸ் குப்தா, பரிதோஷ் சென் என்று பெயர்கள் நீளும். இவர்களுள் பலர் ஆசிரியரின் வழியைப் பின்பற்றவில்லை என்பதே குறிப்பிடத் தக்கது. பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார்; ராய் சௌத்ரிக்குப் பின் அதே கலைப்பள்ளிக்குத் தலைவரானார்; 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தார். அவர் தீட்டிய பிற்கால ஓவியங்களில் ராய் சௌத்ரியின் நிழல்கூடத் தெரியாது. தனபாலும் ஓவியத்திலிருந்து சிற்பத்துக்கு வந்து தமக்கென ஒரு நடையை அமைத்துக்கொண்டார். தம்மைப் போலவே செய்யும் சீடர்களை உண்டாக்குவது எளிது. தம்மை விட்டு விலகவும் வல்லவரை உண்டாக்குவது அரிது. அபனீந்திரநாதரிடமிருந்து விலகியவர் அந்த உரிமையைத் தம் மாணவருக்கு மறுக்க முடியாது அல்லவா?

1954இல் தில்லியில் லலித் கலா அகாதெமி தொடங்கப் பெற்றபோது அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்தார். 1958இல் பத்ம பூஷண், 1962இல் அகாதெமியின் உயரிய சிறப்பு, 1968இல் இரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் என்று பெருமைகள் வந்து சேர்ந்தன. பட்டியலை இத்துடன் நிறுத்துவோம். பட்டங்களை எண்ணுவதைக் காட்டிலும் பதினோரு மூர்த்தியை எண்ணுவது சுவையானது.

1930ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து காந்தியடிகளோடு புறப்பட்டவர்கள் எழுபத்தெண்மர். அவ்வணியில் பெண்கள் இல்லை. ஆனால் ராய் சௌத்ரி வடித்த வரிசையில் பெண்கள் இருக்கின்றனர், முதியவர் இருக்கின்றனர், பல சமயத்தாரின் கோலங்கள் இருக்கின்றன. இது வரலாற்றுப் பிழை என்று எவரேனும் சொல்வராயின் அவர் சொல்வது சரியே. ஆயினும், அந்த ஏப்ரல் மாதத்தில் உப்பள்ளியோர் தண்டியில் மட்டுமா இருந்தனர்? திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்துக்கு நடந்த நம்மவர்களை எந்த வரிசையில் சேர்ப்பது? நாடெங்கும் தெருவில் இறங்கிய பெண்களை எங்கே நிறுத்துவது? எழுபத்தெண்மரைப் பத்தாகச் சுருக்கியவர், அப்பத்துக்குள் நாட்டையே அடக்க முனைந்தார். நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒரு ஞாயிறன்று அங்குச் சென்றிருந்தபோது, வரிசையில் தமிழர் யார் என்று குழந்தைகளுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. தீர்ப்பு இன்னும் வழங்கப்படவில்லை.

அங்கு நாம் கண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சிலைகளைத் திறந்து வைத்தவரின் பெயரும் நாளும் நாட்டில் எங்கும் பெரிய எழுத்துக்களில் வெட்டப்பட்டிருக்கும். செய்தவரின் பெயரைத் தேடினால் பல இடங்களில் கிடைப்பதில்லை. நம் ஊர்க் கோபுரங்களில் சுதையுருவம் செய்த கொத்தர்களின் பெயரும் நமக்குத் தெரியாது. இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலை நம் முன்னோர் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து எழுப்பி 1973இல் குடமுழுக்குச் செய்தார்களே, அதன் கல்லை உளி கொண்டு செதுக்கியவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் குறித்து வைத்திருக்கிறோம்? அப்பணியைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டுப் பெயர், ஊர், செய்த வேலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க நம் இளைஞர் சிலர் முன்வந்துள்ளனர். வீட்டில் பழைய புகைப்படம் வைத்திருப்போர் அவர்களுக்குக் கொடுத்து உதவ வேண்டுகிறோம்.

தண்டி யாத்திரைச் சிலைகளே ராய் சௌத்ரியின் கடைசிப் பெரும்பணி. அவர் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், தம் எழுபத்தாறாம் வயதில் மறைந்தார். பதினோரு மூர்த்தி தில்லிச் சாலையில் நின்றதை அவர் காணவில்லை. அவர் மறைவுக்குப் பின்னரே அது நிறுவப் பெற்றது. அவ்வுருவ வரிசை பின்னர் ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் அச்சாயிற்று. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு அத்தாள் செல்லாததாகும் வரை, சம்பளம் வாங்கிய கையிலும் காய்கறிக்காரர் நீட்டிய கையிலும் அச்சிற்பியின் வேலை மாறி மாறிச் சென்றுகொண்டிருந்தது. நம் காலனியில் ஒரு பாட்டியம்மை, மறந்து போய்ப் பெட்டியடியில் கிடந்த அத்தகைய தாள் ஒன்றைத் தம் பேரன் சிலைகளை எண்ணிப் பார்க்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார். வண்டி திரும்பும் அவசரம் இல்லாமல் அவன் பதினொன்றையும் எண்ணி முடித்துவிட்டான்.